பேசிக்கொண்டே ஓடுங்கள்

உடலும் நாமும்

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு சகோதரி எமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். வயது முப்பத்து நான்கு, இரண்டு பிள்ளைகளின் தாய். 1983 கலவரத்தின் பின் மலையகத்தை விட்டு வன்னிக்குப் போய்க் குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர். 2009க்குப் பின், முகாமிலிருந்து நேரே பாட்டியின் லயத்துக்கே திரும்பி வந்தவர். அவர் எழுதியதன் சுருக்கம் இது:

"சித்திரைப் புத்தாண்டு விளையாட்டுப் போட்டியில் பெண்களுக்கும் மரதன் வைத்தார்கள். நானும் பேர் கொடுத்தேன். கோயில் சந்தி வரைக்கும் நான்தான் முன்னுக்கு. ஏற்றம் தொடங்கியதும் நெஞ்சு அடைத்துக்கொண்டது, றோட்டு ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். சிரித்தார்கள், அது பரவாயில்லை. ஆனால் நெஞ்சு படபடவென்று அடித்த நேரத்தில் மாத்தளனில் பிள்ளைகளோடு பிள்ளையாக ஓடியது அப்படியே கண்முன்னால் வந்துவிட்டது. அன்றிரவு தூக்கமில்லை. எனக்கு ஓட ஆசை. ஒரு நாளைக்கு முழு மரதனும் ஓட வேண்டும் என்று ஆசை. நான் ஓடலாமா, ஓடக்கூடாதா?"

சகோதரி, ஓடலாம். இந்தப் பதிலை உங்களுக்கு மட்டுமல்லாமல், ஓடுவது என்றாலே உயிர் தப்புவது என்று உடம்பில் பதிந்துபோன எல்லாச் சகோதரிகளுக்குமாக எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். உடம்பில் பலமில்லாததால் நீங்கள் உட்காரவில்லை. கொழுந்துப் பையைச் சுமந்து மலையேறும் கால்கள் உங்களுடையவை. கோயில் சந்தி வரையான தூரத்தை, உங்கள் மூச்சு தாங்கக்கூடியதை விட வேகமாக ஓடியதால்தான் உட்கார்ந்தீர்கள். தவறு வேகத்தில் இருக்கிறது. வேகத்தைத் திருத்தலாம்.

மரதன் என்பது எவ்வளவு தூரம்?

எங்கள் ஊர்களில் பாடசாலை விளையாட்டுப் போட்டியிலும் புத்தாண்டு விழாவிலும் றோட்டில் ஓடும் எந்த ஓட்டத்தையும் மரதன் என்றே சொல்லிவிடுகிறோம். அது மூன்று கிலோமீற்றராகவும் இருக்கும், ஐந்தாகவும் இருக்கும். உண்மையான மரதன் 42.195 கிலோமீற்றர். 

இந்தத் தூரம் பெண்களால் முடியாது என்று விளையாட்டு உலகம் நெடுங்காலம் சொல்லிவந்தது. 1928ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 800 மீற்றர் ஓட்டம் வைத்தார்கள். ஓடி முடித்தவர்கள் களைத்துப் போனார்கள் என்று காரணம் சொல்லி அதை நிறுத்தினார்கள். பிறகு 1960இல்தான் அந்த ஓட்டம் திரும்பி வந்தது. பெண்களுக்கான மரதன் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது 1984ஆம் ஆண்டில். களைத்துப் போகிறார்கள் என்று பெண்களை ஓட்டத்திலிருந்து விலக்கி வைத்த அதே காலத்தில், ஊவாவின் மலைகளில் எங்கள் பாட்டிமார் கூடை சுமந்து காலையிலிருந்து மாலை வரை ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் களைத்துப் போனதைப் பற்றி எவரும் கவலைப்படவில்லை.

சரியான வேகம் எது?

இதற்கு விலை கூடிய கைக்கடிகாரம் தேவையில்லை. பக்கத்தில் ஒரு தோழி இருந்தால் போதும். ஓடும்போது அவரோடு முழு வசனமாகப் பேச முடிய வேண்டும். "இன்றைக்கு ராத்திரிக்கு என்ன கறி ஆக்கப் போகிறாய்?" என்று இடையில் மூச்சு வாங்காமல் கேட்க முடிந்தால் அது சரியான வேகம். "என்ன... கறி..." என்று சொல் சொல்லாக உடைந்து வந்தால் வேகம் கூடிவிட்டது, உடனே குறைக்க வேண்டும். ஒரு பாட்டையே முழுமையாகப் பாட முடிந்தால் இன்னும் கொஞ்சம் கூட்டலாம். தனியாக ஓடுபவர்கள் தமக்குள்ளேயே வாய்விட்டுப் பேசிப் பார்க்கலாம்.

தொடக்கத்தில் இந்த வேகம் மிகவும் மெதுவானதாக இருக்கும். வேகமாக நடப்பவர் உங்களை முந்திப் போகவும் கூடும். அதற்காக வெட்கப்பட வேண்டாம். உலகத்தின் பெரிய ஓட்ட வீரர்களும் தமது பயிற்சியின் பெரும்பகுதியை இப்படிப் பேசிக்கொண்டு ஓடக்கூடிய வேகத்தில்தான் செய்கிறார்கள்.

இதற்குக் காரணம் உண்டு. மெதுவாக ஓடும்போது தசைகளுக்குத் தேவையான ஒட்சிசன் மூச்சின் வழியாகப் போதிய அளவு கிடைக்கிறது. உடல் தன்னிடமுள்ள கொழுப்பையும் சர்க்கரையையும் சேர்த்து எரித்துக்கொள்கிறது. வேகம் கூடினால் மூச்சு போதாமற் போகிறது, சர்க்கரை மட்டும் விரைந்து செலவாகிறது. தசையிலும் ஈரலிலும் சேமிப்பில் இருக்கும் சர்க்கரை அளவானது. முழு மரதனில் முதலில் வேகமாக ஓடிவிட்டு, சுமார் 30 கிலோமீற்றருக்குப் பிறகு காலை எடுத்து வைக்க முடியாமல் நிற்பவர்கள் பலர். கோயில் சந்தியில் உங்களுக்கு மூச்சு போதாமற் போனதும் முதலில் வேகமாக ஓடியதால்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. மூச்சும் இதயமும் சில வாரப் பயிற்சியிலேயே முன்னேறிவிடும். எலும்பும் மூட்டும் நரம்புநாரும் பழக மாதக்கணக்கில் எடுக்கும். "எனக்கு முடிகிறதே" என்று மூன்றாம் வாரத்தில் வேகத்தைக் கூட்டுபவர்கள் முழங்கால் வலியோடு நின்றுபோவது இதனால்தான்.

நெஞ்சு படபடப்பும் பயமும்

உங்கள் கடிதத்தில் எம்மை நிறுத்தி யோசிக்க வைத்த இடம் இதுதான். பயம் வரும்போது உடலில் என்ன நடக்கிறது? இதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சு குறுகுகிறது, வியர்க்கிறது. மிக வேகமாக ஓடினாலும் இதே மூன்றும்தான் நடக்கும். யுத்தத்தில் உயிருக்காக ஓடிய உடலுக்கு இவை இரண்டும் ஒன்றாகவே தெரியும். ஆகையால் பழைய நினைவு வருகிறது. இது பைத்தியமோ பலவீனமோ அல்ல. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கற்ற உடல், அந்தப் பாடத்தை மறக்காமல் வைத்திருக்கிறது.

மெதுவான வேகம் இங்கும் கைகொடுக்கும். பேசிக்கொண்டு ஓடும் அளவில் இதயத் துடிப்பு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூடும். "இது நானாகக் கூட்டிய துடிப்பு, நான் நடந்தால் குறைந்துவிடும்" என்று உடல் ஒவ்வொரு முறையும் கண்டுகொள்ளும். பயம் எழுந்தால் உடனே நடைக்கு வாருங்கள். மூக்கால் மூச்சை இழுத்து, வாயால் அதைவிட நீளமாக விடுங்கள். கண்ணுக்குத் தெரியும் ஐந்து பொருட்களின் பெயரைச் சொல்லுங்கள்: தேயிலைச் செடி, கற்பாறை, கோயில், லயன் கூரை, நாய். நீங்கள் நிற்கும் இடம் பசறை என்பதை மனம் அறிந்துகொள்ளும்.

ஓடும்போது திரும்பிப் பார்க்கலாம், நடக்கலாம், வேண்டாம் என்றால் வீட்டுக்கும் போகலாம். அன்றைக்கு இவை ஒன்றும் எங்கள் கையில் இருக்கவில்லை. இன்று வேகத்தைத் தீர்மானிப்பவர் நீங்கள்.

தூக்கமின்மையும் நினைவுகளும் வாரக்கணக்கில் தொடருமானால் ஓட்டத்தை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். ஆஸ்பத்திரியிலுள்ள மனநல வைத்தியரைக் காணுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் தொலைபேசியில் அழைக்கலாம்.

தொடங்குமுன் கவனிக்க வேண்டியவை

தோட்டப் பெண்களிடையே இரத்தச்சோகை அதிகம். இரத்தம் குறைந்த உடம்போடு ஓடினால் மூச்சு வாங்கும், தலை சுற்றும், கால் கனக்கும். கிளினிக்கில் இரத்தத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் இரத்தச்சோகை என்று கொள்வார்கள். முப்பத்தைந்தை நெருங்குவோர் சுகவனிதையர் கிளினிக்குக்கும் போய் இரத்த அழுத்தம், நீரிழிவு முதலியவற்றைப் பார்த்துக்கொள்வது நல்லது.

உணவில் கீரை, பருப்பு, கௌபி, நெத்தலி, முட்டை ஆகியன அடிக்கடி இருக்கட்டும். கீரையோடு தேசிக்காய்ப் புளி சேர்த்தால் இரும்புச்சத்து நன்றாக உடலில் சேரும். முக்கியமாக, சாப்பாட்டோடு தேத்தண்ணி குடிக்க வேண்டாம். நாம் கொய்யும் அதே தேயிலை, சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை உடல் எடுக்கவிடாமல் தடுக்கிறது. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள்.

உடம்பில் ஷெல் துண்டு உள்ளவர்கள், தலையில் காயப்பட்டவர்கள், இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், அண்மையில் பிள்ளை பெற்றவர்கள், கருப்பை இறக்கம் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் ஓடத் தொடங்க வேண்டாம். செயற்கைக் கால் பாவிக்கும் சகோதரிகளுக்கு வேகநடை நல்ல பயிற்சி. கால் பொருத்திய நிலையத்தில் ஒருமுறை கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். ஓடும்போது நெஞ்சு வலி, மயக்கம், ஒழுங்கற்ற இதயத் துடிப்பு வந்தால் நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சப்பாத்து காலுக்குச் சரியாக இருந்தால் போதும், புதிதாக இருக்க வேண்டுமென்பதில்லை. பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரற்கடை இடம் இருக்க வேண்டும். செருப்போடு இறக்கத்தில் ஓட வேண்டாம். மார்புக்கு இறுக்கமான உள்ளாடையும், காலில் சிக்காத உடையும் அணியுங்கள். மாதவிடாய் நாட்களில் உடம்பு இடங்கொடுத்தால் ஓடலாம், இல்லையென்றால் ஓய்வெடுக்கலாம்.

பன்னிரண்டு வாரப் பயிற்சி

வாரத்தில் மூன்று நாள் போதும். அதில் ஒன்று ஞாயிறாக இருக்கட்டும். இரண்டு ஓட்ட நாட்களுக்கு இடையில் ஒரு நாளாவது இடைவெளி வேண்டும். கொழுந்து எடுப்பதும் உடலுக்குக் கடும் வேலைதான் என்பதால், கொழுந்து நிறைந்த காலத்தில் ஓட்டத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாளும் முதலில் ஐந்து நிமிடமும், முடிவில் ஐந்து நிமிடமும் சாதாரண நடை.

முதல் இரண்டு வாரம்: 1 நிமிடம் மெதுவான ஓட்டம், 2 நிமிடம் நடை. பத்துத் தடவை.

3ஆம், 4ஆம் வாரம்: 2 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை. ஏழு தடவை.

5ஆம், 6ஆம் வாரம்: 3 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை. ஆறு தடவை.

7ஆம், 8ஆம் வாரம்: 5 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை. நான்கு தடவை.

9ஆம், 10ஆம் வாரம்: 8 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை. மூன்று தடவை.

11ஆம், 12ஆம் வாரம்: 10 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை. மூன்று தடவை.

நேரம் பார்க்க வசதியில்லாதவர்கள் றோட்டோரத்து மின்கம்பங்களைக் கணக்கு வைக்கலாம். ஒரு கம்பத்துக்கு ஓட்டம், அடுத்த இரண்டு கம்பத்துக்கு நடை என்று தொடங்கலாம். ஒரு வாரம் கடினமாக இருந்தால் அதே வாரத்தைத் திரும்பச் செய்யுங்கள். பன்னிரண்டு வாரம் பதினாறு வாரமானாலும் பயிற்சி பயிற்சிதான்.

ஏற்றமும் இறக்கமும்

பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பண்டாரவளை 1,200 மீற்றருக்கு மேல், அப்புத்தளை 1,400 மீற்றருக்கு மேல். இந்த ஊர்களில் சமதரை கிடைப்பது அரிது. ஆகவே கிலோமீற்றருக்கு இத்தனை நிமிடம் என்ற கணக்கு ஏற்றத்தில் பொருந்தாது. அங்கும் பேச்சுத்தான் அளவுகோல். ஏற்றத்தில் எட்டைச் சின்னதாக்குங்கள். பேச முடியாவிட்டால் நடவுங்கள், அனுபவமுள்ள ஓட்டக்காரர்களும் செங்குத்தான ஏற்றத்தில் நடப்பதுண்டு. இறக்கத்தில் பாய்ந்து வந்தால் முழங்கால் அடிபடும். அங்கும் சின்ன எட்டுத்தான் நல்லது.

முதல் மாதங்களுக்கு விளையாட்டு மைதானமோ, ஸ்டோரைச் சுற்றிய சமமான பாதையோ நல்லது. தம்பேதன்னையிலிருந்து லிப்டன் சீட்டுக்குப் போகும் சுமார் 7 கிலோமீற்றர் பாதை போன்றவற்றைப் பயிற்சி முற்றிய பிறகு, அதுவும் பாதி நடையாக, வைத்துக்கொள்ளலாம். ரயில் பாதையில் ஓட வேண்டாம். இருட்டில் தனியாகப் போக வேண்டாம். இருவராகப் போனால் பாதுகாப்பும் கிடைக்கும், பேச்சுக்கு ஆளும் கிடைக்கும்.

மழைக் காலத்தில் மிகக் கவனம் தேவை. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்ததையும், 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகளையும் நாம் மறக்க முடியாது. மண்சரிவு எச்சரிக்கை உள்ள நாளில் மலையோரப் பாதைக்குப் போகக்கூடாது. அன்றைக்கு வீட்டுக்குள்ளேயே நின்ற இடத்தில் காலைத் தூக்கி வைத்து இருபது நிமிடம் நடந்தாலும் பயிற்சி வீணாகாது.

முழு மரதனுக்கு எப்போது?

முப்பது நிமிடம் நிற்காமல் ஓட முடிந்ததும் 5 கிலோமீற்றரைக் குறி வையுங்கள், பிறகு 10. பத்துக் கிலோமீற்றரை இலகுவாக ஓடும் நிலை வந்த பின், முழு மரதனுக்கு மேலும் நான்கைந்து மாதப் பயிற்சி வேண்டும். வாரத்துக்கு ஒரு நீண்ட ஓட்டம், அதையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும். நான்கு வாரத்துக்கு ஒருமுறை தூரத்தைக் குறைத்து உடலுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். ஆகக் கூடிய பயிற்சித் தூரம் 28 முதல் 32 கிலோமீற்றர் வரை போதும். இன்று தொடங்குபவர் ஒரு வருடத்துக்கு மேல் காலம் எடுத்துக்கொள்வதே நல்லது.

வேகத்தைக் கணக்குப் பார்ப்போம். கிலோமீற்றருக்கு 9 நிமிடம் என்ற மெதுவான ஓட்டத்தில் முழு மரதனுக்கு 6 மணித்தியாலம் 20 நிமிடம் எடுக்கும். 8 நிமிடம் என்றால் 5 மணித்தியாலம் 38 நிமிடம். 7 நிமிடம் என்றால் 4 மணித்தியாலம் 55 நிமிடம். உங்கள் நீண்ட ஓட்டங்களில் பேசிக்கொண்டு ஓட எந்த வேகம் வருகிறதோ, அதுவே உங்கள் முதல் மரதனின் வேகம். போட்டி நாளில் மற்றவர்கள் பாய்ந்து போவார்கள், போகட்டும். முதற்பாதியை அடக்கமாக ஓடியவர்தான் பிற்பாதியில் ஆட்களைக் கடந்து போவார்.

ஓடிய பெண்கள்

கென்யாவின் தெக்லா லொரூப் சிறுமியாக இருந்தபோது சுமார் பத்துக் கிலோமீற்றர் தூரத்திலிருந்த பாடசாலைக்கு ஓடியே போய்வந்தவர். உருவத்தில் சிறியவர். இவரால் முடியாது என்றவர்களே அதிகம். 1994இல் நியூயோர்க் மரதனில் வென்று, அங்கு வெற்றிபெற்ற முதல் ஆபிரிக்கப் பெண்ணானார். 1998இல் 2 மணித்தியாலம் 20 நிமிடம் 47 செக்கனில் ஓடி உலக சாதனை படைத்தார். ஆனால் நாம் அவரை நினைப்பது வேறொன்றுக்காக. அவருடைய பிரதேசத்தில் மாடு மேய்க்கும் சமூகங்கள் ஒன்றையொன்று துப்பாக்கியால் சுட்டுக்கொண்டிருந்தன. அவர் 2003இல் ஒரு சமாதான நிறுவனத்தைத் தொடங்கி, பகைத்துக்கொண்ட அந்தச் சமூகத்தவர்களை ஒரே ஓட்டப் போட்டியில் ஓட வைத்தார். 2016இல் றியோ ஒலிம்பிக்குக்கு முதன்முதலாக அகதிகள் அணி சென்றபோது அதற்குப் பொறுப்பாகச் சென்றவரும் அவரே. அந்த அணியில் தென் சூடான் யுத்தத்திலிருந்து தப்பி ஓடி, ககுமா அகதி முகாமில் வாழ்ந்த பெண்களும் ஓடினார்கள்.

அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. முல்லைத்தீவு முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மா, எழுபது வயதைக் கடந்த நிலையில், 2023இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் தங்கப் பதக்கங்கள் வென்று வந்தார். முப்பத்து நான்கு வயதில் தொடங்குவது பிந்திவிட்டது என்று எவராவது சொன்னால் அவருடைய பெயரைச் சொல்லுங்கள்.

கடைசியாக, சிரித்தவர்களைப் பற்றி. "வேலை வெட்டி இல்லாமல் ஓடுறா" என்று சொல்வார்கள். நாள் முழுவதும் தோட்டத்துக்காகவும், மீதி நேரம் வீட்டுக்காகவும் ஓடும் பெண்ணை எவரும் இப்படிக் கேட்பதில்லை. தனக்காக முப்பது நிமிடம் ஓடும்போதுதான் கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்வதற்காக வேகத்தைக் கூட்ட வேண்டாம். பக்கத்து லயத்து அக்காவையோ தங்கச்சியையோ கூட்டிக்கொண்டு, பேசிக்கொண்டே ஓடுங்கள். மூன்று மாதத்தில் கோயில் சந்தியைத் தாண்டி அந்த ஏற்றத்தின் மேல் நிற்பீர்கள் என்பது எமது நம்பிக்கை.

ஏனைய சகோதரிகளும் தொடங்கினால் எமக்கு எழுதுங்கள். எத்தனை கிலோமீற்றர் என்று எழுதாவிட்டாலும் பரவாயில்லை, ஓடும்போது என்ன பேசினீர்கள் என்று எழுதுங்கள்.